பட்டியலை மட்டும் தொடுபவர்

இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். ஆனால் அவர் ஒரு தளத்தையாவது பழுதுபார்த்து நான் கண்டதில்லை. கொத்தனார் ஒருவர் கரண்டியைத் தொடாமல் சுவர் எழுப்புகிறார் என்றால் எப்படி இருக்கும், அப்படி. சுவர் எழும்பிவிடும் என்பதுதான் குழப்பம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரை விட்டுப் போகும்போது எங்கள் தளத்தை நிர்வகிப்பவர்களின் வரிசையிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிட்டுப் போனார். "நான் இல்லைன்னா என் சாவியும் இருக்கக் கூடாது சார்" என்றார். அவர் எடுத்ததை நான் எழுதிச் சேர்ப்பது முறையல்ல.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவன். ஒரு கோப்பை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, எப்படித் திறக்காமலே மூடுவது, மூன்றும் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு பெரம்பலூரில் என்னைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு இலவசமாக எழுதிக்கொடுக்க ஆரம்பித்தோம். ஆயுள் முழுக்க மனுக்களைத் தள்ளுபடி செய்தவனுக்குத்தானே எப்படி எழுதினால் தள்ளுபடி ஆகாது என்று தெரியும்? அரியலூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியதும் ஓர் இணையதளம் வைத்தோம். விவரத்தை எழுதி, ஆவணங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். எங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். மறுநாள் மனு தயார்.

தளத்தை அமைத்தவர் எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு ப்ளக்இன்கள் மேல் தீராத ஆசை. ப்ளக்இன் என்றால் தளத்தோடு ஒட்டவைக்கும் துணை நிரல். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். வந்தவர்களை எண்ணுவதற்கு ஒன்று, எழுத்து ஓடுவதற்கு ஒன்று, பக்கம் முழுவதும் பனி பொழிவதற்கு ஒன்று. பெரம்பலூரில், சித்திரை மாதத்தில், முதியோர் உதவித்தொகை மனுவின் மேல் பனி பொழிந்தது. பிறகு ஒரு காலை, தளத்தைத் திறந்தால் மனுப் படிவத்துக்குப் பதிலாக ஏதோ அயல்நாட்டுச் சூதாட்ட விடுதி கண்ணைச் சிமிட்டியது.

"நான் எதையும் தொடலையே" என்றார் தலைமையாசிரியர்.

விசாரித்ததில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெண் இருக்கிறார், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தளங்களைப் பார்த்துக்கொடுக்கிறார் என்று தெரிந்தது. நான் முறைப்படி நான்கு பக்கக் குறிப்பு தயாரித்து எடுத்துப்போனேன். பொருள், பார்வை, நடந்தவை தேதிவாரியாக. கீழே அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், துணிக்கடை. மாடியில் ஓர் அறை, இரண்டு திரைகள், மின்விசிறி. முப்பதைத் தாண்டிய வயது. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். நான் பார்த்த எத்தனையோ அதிகாரிகள் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. அதனால் எனக்கு மதிப்பு ஏற்பட்டது. அது ஒரு நிமிடம் நீடித்தது.

"சார், இதுல நடந்தது எல்லாம் இருக்கு. வேண்டியது எங்க இருக்கு?"

"நடந்தது தெரிஞ்சாத்தானம்மா சரிபண்ண முடியும்?"

"நான் சரிபண்ண மாட்டேனே."

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

"எப்படி இருக்கணும்னு எழுதுவேன். அப்படி ஆயிடும்."

இப்படி நினைத்துக்கொண்டு உத்தரவு போட்ட மேலதிகாரிகள் சிலரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அப்படி ஆனதாக எனக்கு நினைவில்லை.

அவர் எழுதியது ஒரு பட்டியல். ஐம்பது அறுபது வரி இருக்கும். எங்கள் தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எந்த ப்ளக்இன், அதில் எந்தப் பதிப்பு, அது அசல்தானா என்று சரிபார்க்கக் கைரேகைபோல ஒரு நீண்ட எண். அவ்வளவுதான். எழுதி முடித்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். இயந்திரம் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டி, நம்மைப் புதியதற்கு மாற்றிவிட்டது. பட்டியலில் இருந்தவை இருந்தன. இல்லாதவை இல்லை. சூதாட்ட விடுதியை யாரும் துரத்தவில்லை. அது பட்டியலில் இல்லை, அதனால் காணோம். பனியும் போயிற்று.

தலைமையாசிரியர் பனிக்காகப் போனில் வாதாடினார்.

"வேணும்னா எழுதிக் குடுங்க சார், சேத்துடலாம்" என்றார் அந்தப் பெண், கொஞ்சமும் கோபமில்லாமல். எதையும் மறுக்க மாட்டார், எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அறுபது வயதுக்குமேல் ஒரு மனிதர் வெள்ளைத்தாளில் 'பனி வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவ்வளவு எளிதல்ல. பனி திரும்பி வரவில்லை.

பிறகுதான் கவனித்தோம். ப்ளக்இன் சேர்க்கும் பொத்தானே தளத்தில் இல்லை.

"உங்களுக்கு மட்டுமாவது வச்சுக்கலாமேம்மா, ஒரு அவசரத்துக்கு?"

"எனக்குத்தான் சார் முதல்ல இருக்கக் கூடாது."

"அவசரத்துக்குச் செஞ்சுட்டு, அப்புறமா பட்டியல்ல எழுதிக்கிறது. எங்க துறையில இதுக்குப் பின்னேற்புன்னு பேரு. எவ்வளவோ பெரிய காரியமெல்லாம் பின்னேற்புலதான் நடந்திருக்கு."

"கையால செஞ்சதை அடுத்த தடவை மெஷின் தொடச்சுடுமே சார். அதுக்குப் பட்டியலைத் தவிர வேற எதுவும் தெரியாது."

பின்னேற்பு செல்லாத ஓர் அலுவலகத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

இது தொழில் விஷயம் மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் ஏதோ வேலையாகப் போனபோது அவருடைய அண்ணன் வளைகுடாவுக்குத் திரும்பும் நாளாக இருந்தது. கூடத்தில் ஒரு பெரிய பெட்டி. தங்கை கையில் தாள். தாளைப் பார்த்து வரிசையாக அடுக்கி முடித்து, டிக் போட்டு, பூட்டுவதற்குமுன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அத்தா, உள்ள என்ன வச்சீங்க?"

அவருடைய அத்தா கடைக்காரர், பருமனான உடம்பு, சிரித்த முகம். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு ஊறுகா பாட்டிலும்மா. புள்ள அங்க போயி என்னத்தைத் திங்கும்?"

மகள் பாட்டிலை மட்டும் எடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பெட்டியைக் கவிழ்த்தார். சட்டை, கைலி, மருந்து, மசாலாப் பொட்டலம் எல்லாம் தரையில்.

அண்ணன் தலையில் கைவைத்தார். "ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு! அதை மட்டும் எடுத்துட்டு மூட வேண்டியதுதானே, லூசு!"

"ஒண்ணு தெரியாம உள்ள போயிருக்கு. அது போறப்ப எதைத் தள்ளுச்சோ, எதை நசுக்குச்சோ, யாருக்குத் தெரியும்?"

பிறகு தாளை எடுத்தார். கடைசியில் 'ஊறுகாய், ஒரு பாட்டில்' என்று எழுதினார். முதல் வரியிலிருந்து மீண்டும் அடுக்கினார். ஊறுகாயும் பெட்டிக்குள் போயிற்று. அத்தாவுக்கு அதில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

"பாத்தீங்களா சார்? எம் மவகிட்ட தண்ணி கேட்டாலும் எழுதித்தான் கேக்கணும். என்னைய எந்தப் பட்டியல்ல வச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

மகள் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மருந்துப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பிரியமும், அந்தப் பெண்ணிடம் லேசான பயமும் ஒரே நாளில் வந்தன.

அடுத்த ஆண்டு அவருடைய அத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. திருச்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். எங்கள் தளத்தின் பட்டியலைத் திருத்தும் அதிகாரத்தை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க விதி தெரிஞ்சவரு. அதான் உங்ககிட்ட தர்றேன். ஒண்ணே ஒண்ணுதான். எந்த வரியையும் அடிச்சுடாதீங்க. வேணாம்னு தோணுச்சுன்னா முன்னாடி இந்தக் குறியைப் போடுங்க." போனில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் '#' என்ற கட்டக்குறியைக் காட்டினார். "இது இருந்தா மெஷின் அந்த வரியைப் படிக்காம தாண்டிப் போயிடும். வரி அங்கேயே இருக்கும்."

சரி என்றேன். மார்ச் மாதம் வந்தது. மார்ச் என்றால் எங்கள் துறையில் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் மேசைக்கும் நேரே போய் நின்று, இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். இல்லாததை உரிய குறிப்புடன் நீக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து என்னுடன் வந்துவிட்டது. பட்டியலை ஒரு பக்கமும் தளத்தை ஒரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிவம், திரையில் இருக்கிறது, டிக். வரைபடம், டிக். நாட்காட்டி, டிக். ஒரு வரிக்கு மட்டும் திரையில் எதுவுமே இல்லை. எல்லாப் பக்கங்களிலும் தேடினேன். கண்ணுக்குத் தெரியவில்லை. இருப்பில் இல்லாத இனம். குறி போடுவதெல்லாம் தள்ளிப்போடுகிற வேலை, முடித்து வைப்பதல்ல என்று எனக்குத் தோன்றியது. அடித்துவிட்டேன்.

இயந்திரம் பணிந்து நிறைவேற்றியது. தளத்தைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. என் திறமையில் எனக்கே திருப்தி.

எட்டு நாள் ஒரு மனுகூட வரவில்லை. "ரெண்டு மாவட்டத்திலும் ஜனங்களுக்குக் குறையே இல்லாமப் போச்சு போல" என்றார் தலைமையாசிரியர். நான் சும்மா சிரித்தேன். அரசாங்கமே நம்பாத ஒன்றை நாங்கள் எட்டு நாள் நம்பினோம்.

ஒன்பதாம் நாள் காலை, செந்துறையிலிருந்து அரியலூர் வந்து, அங்கிருந்து பஸ் மாறி ஓர் அம்மா எங்கள் அறைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கூலி வேலை, கணவர் இல்லை.

"போன்ல அனுப்பி ஏழு நாளாச்சுங்கய்யா. நன்றின்னு வந்துச்சு, அதோட சரி. நாளையோட முப்பது நாள் முடியுது. வூடு போச்சுன்னா நான் எங்க போவேன்?"

விஷயம் இதுதான். அவருடைய வீட்டு மனைக்குப் பக்கத்து மனைக்காரர் உரிமை கோரியிருந்தார். விசாரணைக்கு இந்த அம்மா போகவில்லை. பட்டா பக்கத்து மனைக்காரர் பெயருக்கு மாறிவிட்டது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உத்தரவின் நகல் வேண்டும். அதை, மனு எழுதித் தருவதாகச் சொன்ன ஒரு புரோக்கர் வாங்கிப்போய்ப் போனை எடுக்காமல் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் போனில் எடுத்து எங்களுக்கு அனுப்பிய படம்தான் மிச்சம். அந்தப் பெண்ணோ போனில் இடமில்லை என்று அனுப்பிய கையோடு படத்தை அழித்துவிட்டாள். புதிதாக நகல் கேட்டு வாங்க எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். விதி தெரிந்ததால் நான் மின்னஞ்சலைத் திறக்க ஓடினேன். தெரியாத தலைமையாசிரியர் டீ சொன்னார்.

மின்னஞ்சலில் அந்த அம்மாவின் மனு இல்லை. யாருடைய மனுவும் இல்லை. மெதுவாக எனக்குப் புரிந்தது, நான் நீக்கியது நாற்காலியை அல்ல. எங்கள் துறையின் பதிவேடு இருப்பதைச் சொல்வது. நாற்காலி போனபின் வரியை அடிப்போம். அந்தப் பெண்ணின் பட்டியலில் வரியை அடித்தால் நாற்காலி போய்விடும், உட்கார்ந்திருப்பவர் கீழே விழுவார். விழுந்தவர் செந்துறையிலிருந்து வந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். துணிக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், தொப்பி போட்ட ஆண்கள், தணிந்த பேச்சு.

"கடைக்காரரு நேத்து மவுத் ஆயிட்டாரு சார்" என்றார் ஒருவர். "அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணியாச்சு. கஃபன் துணியில இருந்து அத்தனையும் அந்தப் புள்ளைதான் எழுதிக் குடுத்துச்சு. ஒரு சொட்டு அழல."

செந்துறை அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "துக்க வூடுங்கய்யா. திரும்பிடலாம். என் தலையெழுத்து எப்படியோ அப்படி ஆவட்டும்."

துக்க வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் எனக்கு முறை தெரியும். துக்க வீட்டில் போய் ப்ளக்இன் கேட்பதற்கு எந்த முறையும் தெரியவில்லை. திரும்பப்போகும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தார். வெள்ளை முக்காடு. கண் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், அவர் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

"எந்த வரிய எடுத்தீங்க சார்?"

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "அது அப்புறம். எந்த வரி?" என்றார்.

சொன்னேன். இருப்புச் சரிபார்ப்பையும் சொன்னேன். திரையில் தேடினேன், எங்கும் இல்லை என்றேன். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"அது தபால்காரர் மாதிரி சார். படிவத்துல இருந்து எடுத்து உங்க மெயிலுக்குக் கொண்டுவந்து போடும். வூட்டுக்குள்ள தேடினா தபால்காரர் எப்படி இருப்பாரு?"

"மனுவெல்லாம் போச்சாம்மா?"

"போகாது. மனு இருக்கிற எடம் வேற. பட்டியல் அதைத் தொடாது. எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்ல."

மடிக்கணினியைக் கொண்டுவந்து, அத்தாவின் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். விட்ட வரியைத் திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்தைய நிலையை இயந்திரம் தூக்கிப் போடாமல் வைத்திருக்குமாம். திரும்பிப் போகச் சொன்னால் போய்விடுமாம். சிறிதாக ஒரே ஒரு கட்டளை அடித்தார்.

"ஆச்சு சார். ஒம்பது நாள் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துடுச்சு."

சொல்லிவிட்டு, விசைப்பலகைக்கு மேல் விரல்களை அப்படியே வைத்திருந்தார். உள்ளே பெண்கள் ஓதும் சத்தம் கேட்டது. ஒன்பது நாளுக்கு முன்னால் அவர் என்னிடம் போனில் பேசியிருந்தார். அத்தா இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார் என்று சொன்னார். நான் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் போன் சிணுங்கியது. மறுபடி. நிறுத்தாமல். எட்டு நாள் மனுக்களும் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றாவதோ நான்காவதோ அந்த அம்மாவுடையது.

"இதான்! இதான்யா! அந்த ஓரத்துல கட்டைவிரல் தெரியுது பாருங்க, அது என்னோடதுதான்" என்றவர், எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் என் போனைத் தன் பக்கம் திருப்பினார். "தேதியும் நம்பரும் தெளிவா இருக்குக்கா. சீல் கொஞ்சம் மங்கல். சார் பாத்துக்குவாரு." பிறகு என்னிடம், "நீங்க கெளம்புங்க. பஸ் போயிடும்" என்றார்.

மாலையே மனுவை எழுதினேன். மறுநாள் காலை அரியலூரில் மேல்முறையீட்டைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அந்த அம்மா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை இன்னொரு கவரில் போட்டார். வழக்கு சில மாதம் நடந்தது. பட்டா அந்த அம்மா பெயருக்கே திரும்பியது. தவறு என்னுடையது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். "உங்களாலதான்யா வூடு தங்குச்சு" என்று அவர் முந்திக்கொண்டார். நான் திருத்தவில்லை. என் பணிக்காலத்தில் அதைவிடச் சிறிய விஷயங்களுக்கெல்லாம் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். யார், என்று, எந்த நேரத்தில் எதை மாற்றினார்கள் என்று அதில் பதிவாகும். அந்த ஒரு பழக்கம் எங்கள் துறையிலிருந்துதான் அங்கே போயிருக்க வேண்டும். நாங்கள் அங்கே போன நாளின் கணக்கில், அவர் பெயரில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, நான் அடித்த வரி திரும்பியிருந்தது. அதற்கு மேலே, முன்னால் அந்தக் கட்டக்குறியோடு தமிழில் ஒரு வரி. 'கண்ணுக்குத் தெரியாது. எடுக்க வேண்டாம்.' எனக்காக எழுதியது. இயந்திரம் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று, பட்டியலின் கடைசியில். நேரத்தைப் பார்த்தால் நாங்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது எழுதியிருக்கிறார்.

# அத்தா

அவ்வளவுதான். பதிப்பும் இல்லை, கைரேகை எண்ணும் இல்லை. எங்கள் மனுத் தளத்தின் பட்டியலில் இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கையில் அந்த நேரம் அந்தப் பட்டியல்தான் திறந்திருந்ததா? வேண்டுமென்றே எழுதினாரா? கேட்கலாம் என்று பலமுறை போனை எடுத்தேன். கேட்கவில்லை.

மறு ஆண்டு ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவரிடமே போய்விட்டார். போகும்முன் தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார் என்றேனே, அதைக் குறி போட்டு எடுக்கவில்லை. சுத்தமாக அடித்துவிட்டார். அத்தாவின் வரி அப்படியே இருக்கிறது.

இப்போது பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் வந்தால் இருப்புச் சரிபார்ப்பும் உண்டு. பட்டியல் ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம். தபால்காரர் வரிக்குத் திரையில் தேடாமல் டிக் போடக் கற்றுக்கொண்டேன். கடைசி வரிக்கு வரும்போது கொஞ்சம் தயங்குகிறேன். திரையில் எங்கும் இல்லாத இனத்தை என்ன செய்ய வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறையும் அதற்கும் எதிரே ஒரு டிக் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு மூடுகிறேன்.